வலைக்கண்ணியை முதலில் வரைந்தது யார்?

கேள்வி: எனக்கு 43 வயது. கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தேன். கணவர் அங்கே எனக்கு இரண்டு வருடம் சீனியர். காதலித்துக் கல்யாணம் செய்து 17 வருடம் ஆகிறது. அவர் இன்று ஓரளவு பெயர் வாங்கிய ஓவியர். நான் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சர். வாடகை வீட்டில் இரண்டு அறை, அதில் ஒன்று அவருடைய ஸ்டூடியோ. ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அதில் காகிதத்தில் வரைவேன். எப்போதும் அரை ஷீட்தான். அவருடைய படங்களின் அளவு, விலை, வாங்கியவர் விவரம் எல்லாம் எழுதும் கணக்கு நோட்டை நான்தான் எழுதுகிறேன். என் அப்பா நாகப்பட்டினத்தில் வலை பின்னியவர். கல்லூரி நாளிலிருந்தே வலைக்கண்ணியை வரைந்து வருகிறேன். நாலைந்து வருடத்துக்கு முன்னால் அவரும் தன் பெரிய கான்வாஸ்களில் அதைக் கொண்டுவந்தார். நன்றாக விற்றது. இப்போது என் படத்தைப் பார்க்கிறவர்கள் ‘சாரோட பாதிப்பு தெரியுது’ என்கிறார்கள். அவர் மறுத்துப் பேசுவதில்லை, சிரித்துவிட்டுப் போகிறார். மாமியார் ‘ஒரு வீட்டுக்கு ஒரு ஆர்ட்டிஸ்ட் போதும்மா’ என்பார், கிண்டலாகத்தான். மகள் பத்தாவது முடிக்கட்டும், அப்புறம் தனியாகக் கண்காட்சி வைக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் ஒரு கேலரி எங்கள் இருவரையும் சேர்த்து ‘தம்பதியர் கண்காட்சி’ வைக்கக் கேட்கிறது. அவருடையது 18 படம், என்னுடையது 8. ஒத்துக்கொள்ளலாமா? அவர் நல்ல மனிதர், சண்டை போட விருப்பமில்லை. ஆனாலும் மனசுக்குள் என்னவோ செய்கிறது.
– வாசகி, சென்னை

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கேள்வி கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. எனக்கு உறுத்தியது நடுவில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி. அவருடைய கணக்கு நோட்டை நான்தான் எழுதுகிறேன் என்கிறீர்களே, அதுதான். கல்லூரியை விட்டு வந்த நாளிலிருந்து நீங்கள் வரைந்த படங்கள் மொத்தம் எத்தனை? எது எங்கே இருக்கிறது? யோசிக்காமல் சொல்ல முடியுமா? அவருடைய பழைய கான்வாஸ் ஒன்று இன்று யார் வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று கேட்டால் நோட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடும்பநல ஆலோசகர் இல்லை. கண்காட்சி அமைப்பதும் ஓவியர்களின் படங்களைப் பட்டியல் போடுவதும்தான் 25 வருடத்துக்கு மேலாக என் பிழைப்பு. புருஷன் பெண்டாட்டி இருவரும் ஓவியர்களாக இருக்கும் வீடுகளுக்கு நிறையப் போயிருக்கிறேன். காபி நன்றாக இருக்கும். கட்டிலுக்கு அடியில் இருவரில் ஒருவருடைய படங்கள் சுருட்டிக் கிடக்கும். பெரும்பாலும் அது யாருடையது என்று உங்களுக்கே தெரியும். அதனால் உங்கள் தாம்பத்தியத்துக்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்தப் படங்களின் பக்கம் நின்று பேசுகிறேன்.

அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பரைக் கல்லூரியில் பார்த்திருப்பீர்கள். அவருடைய ‘நைட்ஹாக்ஸ்’ படம் நினைவிருக்கும்: நள்ளிரவு, ஆளில்லாத தெரு, வெளிச்சமான ஓர் உணவகம், கண்ணாடிக்குப் பின்னால் நாலு பேர். 1942இல் வரைந்தது. அதில் சிவப்பு உடையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு மாடலாக இருந்தவர் அவர் மனைவி ஜோ. அவரும் ஓவியர்தான். கல்யாணத்துக்கு முந்தின வருடம், 1923இல், புரூக்ளின் அருங்காட்சியகம் ஒரு நீர்வண்ணக் கண்காட்சிக்கு ஜோவின் படங்களைக் கேட்டது. ஹாப்பருடையதையும் பாருங்களேன் என்று சிபாரிசு செய்தவர் ஜோ. பார்த்தார்கள், சேர்த்தார்கள், அதில் ஒன்றை அருங்காட்சியகமே 100 டாலருக்கு வாங்கியது. அதற்கு முன்னால் ஹாப்பரின் ஓவியம் ஒன்று விலைபோய்ப் பத்து வருடம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் ஜோ கணக்கு நோட்டு எழுத உட்கார்ந்தார். எந்தப் படம், என்ன அளவு, அதில் என்ன இருக்கிறது, என்ன விலைக்குப் போனது, கமிஷன் போகக் கைக்கு எவ்வளவு வந்தது, எல்லாம். ஹாப்பர் அதே பக்கத்தில் படத்தைச் சின்னதாக வரைந்து வைப்பார். இன்று ஹாப்பரைப் பற்றி எழுதுகிற யாரும் அந்த நோட்டுகளைத் தொடாமல் எழுத முடியாது.

ஹாப்பர் 1967இல் இறந்தார். பத்து மாதத்தில் ஜோவும் போய்விட்டார். வீட்டில் இருந்த 3,000க்கும் மேற்பட்ட படைப்புகள் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஜோ வரைந்தவையும் அவற்றோடு இருந்தன. ஜோவுடையவற்றில் பெரும்பாலானவற்றை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் வைத்துக்கொள்ளவில்லை. பல படங்கள் போன இடமே தெரியவில்லை. கணவரின் ஒவ்வொரு படத்துக்கும் ஊர், பேர், விலாசம் எழுதிவைத்த பெண்மணிக்கு நடந்தது இது.

அவருடைய நோட்டை நீங்கள் நிறுத்த வேண்டாம். அது உங்கள் வீட்டு வருமானம், நன்றாகவும் எழுதுவீர்கள். அதே மாதிரி இன்னொரு நோட்டு வாங்குங்கள், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டி, அலமாரி, பீரோ மேல், பள்ளிக்கூட லாக்கர் எல்லாவற்றிலிருந்தும் உங்கள் படங்களைத் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் கீழ் மூலையில் 2பி பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள்: பெயர், வருடம், எதனால் வரைந்தது (நீர்வண்ணமா, மையா), அளவு. அளவில் உயரம் முதலில், அகலம் அடுத்து, சென்டிமீட்டரில். பால்பாயிண்ட் பேனா வேண்டவே வேண்டாம். அழுத்தினால் தடம் முன்பக்கம் தெரியும், மை நாளாக ஆக ஊறும். வருடம் நிச்சயமாக நினைவில்லை என்றால் ‘சுமார் 2006’ என்று போடுங்கள். உத்தேசமான தேதியை உறுதியான தேதி போல எழுதாதீர்கள். ஒரு தேதி பொய் என்று யாராவது கண்டுபிடித்தால் மிச்சமிருக்கும் உண்மையான தேதிகளையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் போனிலேயே போட்டோ எடுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து.

கையெழுத்து விஷயம் ஒன்று. உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கும் பெயரில் கணவருடைய இனிஷியல் இருந்தது. கல்லூரியில் படித்தபோது அப்பாவின் இனிஷியல் போட்டிருப்பீர்கள். நம் ஊரில் இது சகஜம், ரேஷன் கார்டுக்கும் பேங்க்குக்கும் சௌகரியம். ஆனால் பட்டியல் போடுகிற எனக்கு இது தலைவலி. 2004இல் ஒரு பெண், 2010இல் வேறு ஒரு பெண் வரைந்த மாதிரி இருக்கும். இதிலிருந்து தப்ப இனிஷியலே இல்லாமல் பெயரை மட்டும் போடுவது நல்லது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் இனி எல்லாப் படத்திலும் அதுவே இருக்கட்டும். பழைய படங்களில் இருக்கும் கையெழுத்தை மட்டும் மாற்றாதீர்கள், அது அப்படியே இருக்க வேண்டியது.

இப்போது வலைக்கண்ணிக்கு வருகிறேன். சட்டப்படி பார்த்தால் இதில் ஒன்றுமில்லை. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம் நீங்கள் வரைந்த குறிப்பிட்ட ஓவியத்தைத்தான் காப்பாற்றும். வலைக்கண்ணி என்ற உருவத்துக்கோ, அதை வரையும் பாணிக்கோ யாரும் பட்டா வாங்க முடியாது. அப்படி வாங்கலாம் என்றால் முதல் உரிமை உங்கள் அப்பாவுக்குத்தான். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் வரைந்தால் ஒருவர் கண்ணில் பட்டது இன்னொருவர் கையில் வரத்தான் செய்யும். உங்கள் கணவர் திட்டம் போட்டு எடுத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. தினமும் காலையில் காபி குடிக்கிற மேஜையில் உங்கள் அரை ஷீட் காய்ந்துகொண்டிருந்திருக்கும். பார்த்துப் பார்த்து அது தன்னுடையது என்றே அவருக்குத் தோன்றியிருக்கும்.

பாரிஸில் ராபர்ட், சோனியா தெலோனே என்று ஒரு ஓவியத் தம்பதி இருந்தார்கள். 1911இல் மகன் பிறந்தபோது சோனியா தொட்டிலுக்கு ஒரு போர்வை தைத்தார். சின்ன வயதில் தன் ஊர்ப்பக்கம் குடியானவர்கள் வீட்டில் பார்த்த மாதிரி, துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு. நிறமும் நிறமும் மோதுவதைத் தவிர அதில் வேறு விஷயமே கிடையாது. ராபர்ட்டின் புகழ்பெற்ற வண்ண வட்டங்கள் வந்தது அதற்கப்புறம், 1912-13இல். அந்தப் போர்வை இன்று பாரிஸில் பாம்பிடு மையத்தின் தேசிய நவீன கலை அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஆய்வாளர்கள் இன்னும் பேசுகிறார்கள். பேச முடிவதற்குக் காரணம் போர்வைக்குத் தேதி இருப்பது. பிள்ளை பிறந்த வருடமே தேதியாக அமைந்துவிட்டது. உங்கள் கல்லூரிப் படங்களுக்கும் ஸ்கெட்ச் புத்தகங்களுக்கும் அந்த மாதிரி ஒரு தேதி வேண்டும். கல்லூரி ஆண்டுக் கண்காட்சியில் எடுத்த போட்டோ, பின்னணியில் உங்கள் படம் மங்கலாகத் தெரிந்தால்கூடப் போதும், தேடி எடுங்கள். உடன் படித்தவர்களின் ஆல்பங்களிலும் கேளுங்கள்.

அவர் எடுத்துக்கொண்டதைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குக் கொஞ்சம் இடறுகிறது. ‘சாரோட பாதிப்பு’ என்று யாராவது சொல்லும்போது அங்கே உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். நீங்கள் சொன்னால் வீம்பு போலத் தெரியும். அவர் சொன்னால் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். ‘இல்லைங்க, இது அவங்க காலேஜ்லயே வரைஞ்சது, நான்தான் பின்னாடி எடுத்துக்கிட்டேன்.’ இதில் அவருக்குக் குறைந்துபோக ஒன்றும் இல்லை. பெரிய ஓவியர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டவர்கள்தான். நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது இந்த ஒரு வாக்கியத்தை. ‘என்னை நீங்க மதிக்கிறதே இல்லை’ என்று தொடங்காதீர்கள், அந்தப் பேச்சு எங்கெங்கோ போய் மாமியாரில் முடியும். அடுத்த தடவை யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேளுங்கள். நல்ல மனிதர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சொல்வார். சொல்லவில்லை என்றால் அது வேறு கடிதம், அதற்கு வேறு ஆளிடம் பதில் கேட்க வேண்டியிருக்கும்.

மாமியாரிடம் ‘அந்த ஒரு ஆர்ட்டிஸ்ட் யாரு அத்தை?’ என்று மட்டும் கேட்டுவைக்காதீர்கள், வம்பு.

அரை ஷீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லீ கிராஸ்னர் கதை இதற்குப் பொருத்தம். அவர் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலக்கின் மனைவி என்றுதான் பலருக்குத் தெரியும். 1908இல் புரூக்ளினில் பிறந்தவர். ஓவியர் ஹான்ஸ் ஹாஃப்மன் நடத்திய ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். போலக்கைச் சந்திக்கும்போது நியூயார்க் நவீன ஓவியர் வட்டத்தில் அவருக்குத்தான் அதிகப் பேரைத் தெரியும். ஹாஃப்மன் ஒருமுறை அவர் படத்தைப் பாராட்டினார். எப்படி? ஒரு பெண் வரைந்தது என்றே தெரியாத அளவுக்கு நன்றாக இருக்கிறதாம். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டுதான் அந்தத் தலைமுறை வாழ்ந்தது.

1945 அக்டோபரில் போலக்கைக் கல்யாணம் செய்துகொண்டு இருவரும் லாங் ஐலண்டில் ஸ்பிரிங்ஸ் என்ற கிராமத்து வீட்டுக்குக் குடிபோனார்கள். அடுத்த வருடம் போலக் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கொட்டகையை ஸ்டூடியோவாக ஆக்கிக்கொண்டார். தரையில் கான்வாஸை விரித்து, சுற்றி நடந்து வண்ணத்தைச் சொட்டவிட்டு அவர் வரைந்தது எல்லாம் அங்கேதான். லீக்குக் கிடைத்தது மாடிப் படுக்கையறை. 1946 முதல் 1950 வரை அங்கே அவர் வரைந்தவை ‘சின்னப் படிமம்’ என்ற வரிசை. கை எட்டும் தூரத்துக்குள் முடிந்துவிடும் படங்கள், யாருக்கும் புரியாத எழுத்தைப் பொடிப்பொடியாக எழுதினாற்போல. அருமையான படங்கள், அதில் சந்தேகமில்லை. 1956 ஆகஸ்டில் போலக் கார் விபத்தில் இறந்தார். அடுத்த வருடம் லீ கொட்டகைக்கு மாறினார். படங்கள் விரிந்தன. 1957இல் ‘பருவங்கள்’ என்று ஒன்று வரைந்தார், 17 அடி அகலம். அவருக்கு அப்போது 50 வயதுகூட நிறையவில்லை.

இதைப் படித்துவிட்டு வேறு எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம், உங்கள் வீட்டுக்காரர் நூறு வருடம் இருக்கட்டும். நான் சொல்ல வருவது அந்தக் கொட்டகையில் இரண்டு பேருக்கு இடம் இருந்திருக்கலாமே என்பதுதான். அரை ஷீட் உங்கள் இயல்பா, சாப்பாட்டு மேஜையின் அளவா? இது உங்களுக்கே தெரியாது, ஏனென்றால் வேறு அளவில் வரைந்து பார்க்க வழி இருந்ததில்லை. காலையில் இட்லித் தட்டு வைக்க மேஜை காலியாக வேண்டும் என்றால், ஒரே ராத்திரியில் முடிகிற படம் மட்டும்தான் பிறக்கும். ஈரமாக ஒரு வாரம் நிற்க வேண்டிய படம் உங்கள் வீட்டில் பிறக்கவே முடியாது.

ஆகையால் ஒரு சுவர் கேளுங்கள். அறை வேண்டாம், சுவர். ஹாலிலோ அவருடைய ஸ்டூடியோவிலோ ஆறுக்கு நாலு அடி பிளைவுட் பலகை ஒன்றை நிரந்தரமாக அடித்துவிடுங்கள். வீட்டு ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார் என்றால் சுவரில் சாய்த்து வைக்கலாம். அதில் மாட்டியதை யாரும் எடுக்கக்கூடாது, விருந்தாளி வந்தாலும். அதுவும் நடக்காது என்றால் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் ஓவியர்கள் வேலை செய்ய ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. நேரில் போய் விண்ணப்பம் பற்றிக் கேளுங்கள். பள்ளி விடுமுறை மாதத்தில் மட்டும் போய் வேலை செய்தாலும் வித்தியாசம் தெரியும்.

இனி உங்கள் கேள்வி. நியூயார்க்கில் சிட்னி ஜானிஸ் கேலரி 1949இல் ஒரு கண்காட்சி வைத்தது. தலைப்பே ‘ஓவியர்கள்: கணவனும் மனைவியும்’. போலக்கும் லீயும் இருந்தார்கள், வில்லெம் டி கூனிங்கும் எலைனும் இருந்தார்கள். பார்த்துவிட்டு ஒரு கலைப் பத்திரிகையில் எழுதினார்கள்: இந்த மனைவிமார்களில் சிலர் கணவர்களின் பாணியை எடுத்துச் சுத்தமாக ஒழுங்குபண்ணி வைக்கிறார்கள் என்று. வீடு பெருக்குகிற மாதிரி! லீ போலக்கின் வண்ணங்களை எடுத்துக்கொண்டு அவருடைய கட்டற்ற கோடுகளைச் சின்னச் சின்னச் சதுரமாகவும் முக்கோணமாகவும் ஆக்கிவிட்டார் என்றும் அதில் இருந்தது. மூன்று வருடமாக மாடியறையில் உட்கார்ந்து அவர் தனியாகக் கண்டுபிடித்ததை ஒரு பத்தியில் முடித்துவிட்டார்கள். எழுதியவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தத் தலைப்பின் கீழ் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினால் யாருக்கும் அப்படித்தான் பார்க்கத் தோன்றும். ஒன்றை மூலமாகவும் மற்றதை நகலாகவும் பார்ப்பார்கள்.

நானே இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு தம்பதிக்குச் சேர்ந்து கண்காட்சி அமைத்தேன். கணவரின் பெரிய படங்களை வாசலுக்கு நேர் எதிரே மாட்டினேன், அளவு பெரியது, தூரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்ற நியாயமான காரணத்தோடு. மனைவியின் சின்னப் படங்களைக் கழிப்பறைக்குப் போகிற வழிச்சுவரில் மாட்டினேன், பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை என்ற அதே அளவு நியாயமான காரணத்தோடு. திறப்பு விழா அன்று அந்த அம்மா தன் படங்களுக்கு எதிரே ரொம்ப நேரம் நின்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பத்திரிகைப் போட்டோவில் அவர் இருந்தார், கணவரின் படத்துக்கு முன்னால், ஓரமாக. நான் அளவு நாடாவைப் பிடிக்கும்போதெல்லாம் அந்த அம்மா நினைவுக்கு வருவார்.

எனவே என் பதில்: இந்தக் கண்காட்சியை இப்போது ஒத்துக்கொள்ளாதீர்கள். பதினெட்டும் எட்டும் என்ற கணக்கு மட்டும் காரணம் இல்லை, பதிமூன்றும் பதிமூன்றும் ஆனாலும் இதைத்தான் சொல்வேன். வலைக்கண்ணியோடு நீங்கள் பொதுவெளியில் முதன்முதலாகப் பெரிதாக வரும்போது அருகில் அவருடைய வலைக்கண்ணி இருக்கக்கூடாது. இரண்டு வருடம் கழித்து, உங்களுக்குத் தனியாக ஒரு கண்காட்சி நடந்த பிறகு, சேர்ந்து வையுங்கள். அப்போது அது சுவாரசியமான கண்காட்சியாகவே இருக்கும், நானே பார்க்க வருவேன். கேலரிக்காரரிடம் காரணம் எல்லாம் விளக்க வேண்டாம். ‘பேப்பர் வொர்க்ஸ் தனி ஷோவுக்குத் தயார் பண்ணிக்கிட்டிருக்கேன், அதுக்கப்புறம் பேசலாம்’ என்றால் போதும். உங்கள் கணவர் தன் 18 படங்களைத் தனியாக வைக்கட்டும். அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

மறுக்கவே முடியாத சூழ்நிலை, வீட்டு வாடகை, மகள் படிப்பு என்று ஏதாவது இருந்தால் சில நிபந்தனைகளை எழுத்தில் வாங்குங்கள். தலைப்பில் தம்பதி என்ற சொல் வரக்கூடாது. உங்களுக்குத் தனி அறை, இல்லையென்றால் முழுதாக ஒரு தனிச் சுவர். உங்களைப் பற்றிய குறிப்பில் கணவர் பெயர் வராது, அவர் குறிப்பில் உங்கள் பெயர் வராது. ஒவ்வொரு படத்தின் லேபிளிலும் வருடம் கட்டாயம். கல்லூரிக் காலப் படம் ஒன்றாவது இருக்க வேண்டும், விற்பனைக்கு இல்லை என்ற சீட்டோடு. விற்ற பணம் கமிஷன் போக உங்கள் கணக்குக்கே வர வேண்டும்.

கணவரோடு இல்லாமல் வேறு யாரோடு சேர்வது என்று கேட்டால், அதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1987இல் நளினி மலானி, மாதவி பாரேக், நீலிமா ஷேக், அர்ப்பிதா சிங் என்று நாலு பெண் ஓவியர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சியைத் தொடங்கி, 1989 வரை ஐந்து இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். விற்பனைக் கேலரி எதுவும் இல்லை. இதில் மூன்று பேரின் கணவர்கள் பெரிய ஓவியர்கள்: மனு பாரேக், குலாம் முகம்மது ஷேக், பரம்ஜித் சிங். ஆனால் அந்தச் சுவர்களில் கணவர்களோடு ஒப்பிட யாருக்கும் வழியில்லை. ஒப்பிட வேண்டுமென்றால் மாதவியை அர்ப்பிதாவோடு ஒப்பிட வேண்டும். அங்கேதான் ஒவ்வொருவரின் கையும் தனித்துத் தெரிந்தது.

மாதவி பாரேக் கதை உங்களுக்குப் பிடிக்கும். கலைக் கல்லூரிப் படிப்பே கிடையாது. 1964இல், கர்ப்பமாக இருந்தபோது, கணவர் ஊக்கத்தில் வரைய ஆரம்பித்தவர். பயிற்சிக்கு மனு கொடுத்தது ஐரோப்பிய ஓவியர் பால் க்ளேயின் புத்தகம். ஆசிரியரே கணவர்தான், இருந்தும் மாதவியின் படத்தில் மனுவைத் தேடினால் கிடைக்கமாட்டார். குஜராத் கிராமத்துச் சாமிகளும் மிருகங்களும் குழந்தைகளும்தான் இருக்கும். அர்ப்பிதா சிங் பரம்ஜித்தைக் கல்யாணம் செய்தது 1962இல். கணவர் காட்டையும் வெளிச்சத்தையும் வரைந்துகொண்டிருந்த வீட்டில் இவர் பூவும் துப்பாக்கியும் நடுத்தர வயதுப் பெண்களும் நிறைந்த தன் உலகத்தை வரைந்தார். 2010இல் அவருடைய ஒரு படம் 9.6 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. 2025இல் லண்டன் சர்ப்பென்டைன் கேலரியில் தனிக் கண்காட்சி தொடங்கியபோது வயது 87.

நம் சென்னைக் கல்லூரியில் 1960களில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்த டி.கே. பத்மினியையும் பாருங்கள். உடன் ஓவியம் பயின்ற தாமோதரனை 1968இல் மணந்தார். மறுவருடம் பிரசவத்தில் இறந்தார், முப்பதுகூட ஆகவில்லை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்தது சில வருடங்கள்தான், அதற்குள் வரைந்ததை வைத்து இன்றும் கேரளத்து நவீன ஓவியத்தில் அவர் பெயரைச் சொல்கிறார்கள். மகள் பத்தாவது முடிக்கட்டும் என்கிறீர்கள். அப்புறம் பன்னிரண்டாவது வரும், அப்புறம் கல்லூரி. உங்கள் மகளே ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

உங்கள் பேட்ச்சில் வரைவதை நிறுத்தாத பெண்கள் நிச்சயம் மூன்று நாலு பேராவது இருப்பார்கள். ஆளுக்கு ஆறு ஏழு படம், எல்லாம் காகிதத்தில். ஒரு பெட்டியில் அடங்கும், ரயிலில் கொண்டுபோகலாம். சென்னையில் தொடங்கி, நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் முடிந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. வலைக்கண்ணியில் முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று சொல்லத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

அதுவரை படங்களைச் சுருட்டாதீர்கள். தட்டையாக, இரண்டு அட்டைக்கு நடுவே, ஒவ்வொன்றுக்கும் இடையில் கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய தாள் வைத்து அடுக்குங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் அமிலம் ஏறிப் பழுப்பாகிவிடும். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டினால் நம் கடற்கரை ஊர் ஈரத்துக்கு ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஃபிரேம் போடும்போது கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் தேவையில்லை என்பார், கேட்காதீர்கள்.

எண்ணி முடித்ததும் எனக்கு எழுதுங்கள். நீண்ட கடிதம் வேண்டாம், மொத்தம் எத்தனை படம் என்ற எண் மட்டும் போதும்.